பல்பை மாற்றுவதா, சுவிட்சை மாற்றுவதா? ஸ்மார்ட் விளக்குகளின் உண்மையான செலவு

வீட்டு விளக்குகளை ஸ்மார்ட் ஆக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களில் பலர், ஒரு ஸ்மார்ட் பல்பின் விலையை வீட்டிலுள்ள பல்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். வந்த தொகை மலைக்க வைக்கிறது. உடனே அடுத்த கேள்வி: "பல்புக்குப் பதிலாக சுவிட்சை மாற்றினால் குறையுமா?" சில வீடுகளில் குறையும், சில வீடுகளில் கூடும். ஒரே வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் குறைந்து அடுத்த அறையில் கூடுவதும் உண்டு. ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு வீட்டைப் பார்க்க வேண்டும்.

## முதலில் எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். இடது பக்கம் விளக்குகள், வலது பக்கம் அவற்றை இயக்கும் சுவிட்சுகள். வரவேற்பறையின் ஃபால்ஸ் சீலிங்கில் 8 டவுன்லைட்டுகள் இருக்கலாம். அவற்றுக்கு இரண்டே சுவிட்சுகள். படுக்கையறையில் ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச். மாடிப்படியில் விளக்கு ஒன்றுதான், ஆனால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சுவிட்சுகள்.

வரவேற்பறையில் பல்பு வழியே போனால் 8 கருவிகள் வாங்க வேண்டும். சுவிட்ச் வழியே போனால், சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தி இரண்டு இணைப்புகளைத் தனித்தனியே இயக்கும் ஒரு சிறு கருவி (ரிலே) போதும். படுக்கையறையில் கணக்கு தலைகீழ். ஒரு பல்பை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. சுவிட்ச் என்றால் எலக்ட்ரீசியன் வர வேண்டும், போர்டைக் கழற்ற வேண்டும். ஆக, முடிவை வீட்டுக்கு மொத்தமாக எடுக்காமல் அறைக்கு அறை எடுப்பதுதான் மலிவு.

எண்ணி முடித்த பிறகு இன்னொரு வேலை. எந்த விளக்கு ஸ்மார்ட் ஆவதால் உங்களுக்கு உண்மையிலேயே பயன் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறித்துப் பாருங்கள். வாசல் விளக்கு பொழுது சாய்ந்ததும் தானாக எரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. படுத்தபடியே படுக்கையறை விளக்கை அணைப்பதும் அப்படியே. கிடங்கு அறை விளக்குக்குச் செயலி எதற்கு? இந்த வடிகட்டலுக்குப் பிறகு 30 விளக்குகள் உள்ள பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கினால் வியக்காதீர்கள். செலவைக் குறைக்க இதைவிடப் பெரிய தள்ளுபடியை எந்தக் கடையும் தராது.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டோம். மற்றவை இவை: வயரிங்கில் கைவைக்க வேண்டுமா, வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போல் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகும், இணையம் போனாலும் மின்சாரம் போய் வந்தாலும் எப்படி நடந்துகொள்ளும், தயாரித்த நிறுவனம் கைவிட்டால் என்ன மிஞ்சும், வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போக முடியுமா.

மின்சாரச் சேமிப்பை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. விளம்பரங்கள் அதைத்தான் முதலில் சொல்கின்றன. கணக்கு அதற்கு ஒத்துழைப்பதில்லை.

60 வாட் குண்டு பல்பிலிருந்து 9 வாட் எல்இடிக்கு மாறியபோதே பெரிய சேமிப்பு கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் 9 வாட் பல்பு தினமும் 3 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 10 யூனிட் ஆகும். ஸ்மார்ட் பல்போ அணைந்திருக்கும்போதும் முழுதாக அணைவதில்லை. உங்கள் கட்டளைக்காக ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பு மின்சாரம் 0.5 வாட்டைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் விதித்திருக்கிறது. அந்த உச்சவரம்பையே எடுத்துக்கொண்டால் ஒரு பல்புக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4.4 யூனிட். நல்ல தயாரிப்புகள் இதற்குக் கீழேயும் வருகின்றன. இருந்தாலும் அளவைப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் எரியும் 9 வாட் பல்பு ஆண்டு முழுக்கத் தருகிற வெளிச்சத்துக்கு 3.3 யூனிட்தான் செலவாகிறது. சும்மா காத்திருப்பதற்கு அதைவிட அதிகம்! 24 விளக்குகளையும் ஸ்மார்ட் பல்பாக மாற்றிய வீட்டில் இந்தக் காத்திருப்பே ஆண்டுக்கு 100 யூனிட்டைத் தாண்டலாம்.

வெளிவாசலில் இரவெல்லாம் எரியும் பெரிய ஃப்ளட் லைட், யாரும் அணைக்காத நடைவழி விளக்கு போன்றவற்றில் சேமிப்பு உண்மையிலேயே கிடைக்கும். மற்ற இடங்களில் வசதிக்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்குவதே நேர்மை.

## வைஃபை பல்பு

நுழைவுச் செலவு மிகக் குறைந்தது இதற்குத்தான். ஹப் (பல்புகளை ரவுட்டரோடு இணைக்கும் இடைக்கருவி) வேண்டாம், எலக்ட்ரீசியன் வேண்டாம். ஹோல்டரில் மாட்டி, செயலியில் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும். நிறம் மாற்றலாம், மஞ்சள் ஒளியிலிருந்து வெள்ளை ஒளிக்குப் போகலாம், மங்கலாக்கலாம். வெறும் சுவிட்சை மாற்றினால் இந்த நிற வேலை எதுவும் கிடைக்காது. ஆனால் அடர்ந்த நீலத்திலும் சிவப்பிலும் பல்பு வெள்ளை ஒளியில் தரும் வெளிச்சத்தைத் தராது. பெட்டியில் போட்டிருக்கும் லூமென் கணக்கு வெள்ளைக்கு உரியது.

மறைந்திருக்கும் செலவுகள் பிறகு வருகின்றன. முதலாவது, சுவர் சுவிட்ச். அதை யாராவது அணைத்துவிட்டால் பல்பு செத்த பல்புதான். செயலி "இணைப்பில் இல்லை" என்று சொல்லும். பல ஆண்டுகளாக அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்சை அணைத்துப் பழகிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில், "சுவிட்சைத் தொடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். விளக்குக்காக மனிதர்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தால் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள்?

இரண்டாவது, பல வைஃபை பல்புகளைச் சில முறை வேகமாக அணைத்துப் போட்டால் அவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். மீண்டும் இணைப்பதற்கான வழியே அதுதான். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு குட்டிப் பையன் சுவிட்சோடு விளையாடி இரண்டு பல்புகளை இப்படி நினைவிழக்கச் செய்தான். மூன்றாவது, மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரிவதுதான் பல பல்புகளின் இயல்பான அமைப்பு. நள்ளிரவு இரண்டு மணிக்கு வீடு முழுவதும் பகலாகி விழித்தெழுந்த அனுபவம் ஒருமுறை போதும். செயலியில் "மின்சாரம் வந்ததும் முந்தைய நிலை" என்ற தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

எண்ணிக்கை கூடும்போது ரவுட்டரும் செலவுக் கணக்கில் ஏறும். இந்தப் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பயன்படுத்துகின்றன. இணைய நிறுவனம் தந்த சாதாரண ரவுட்டர், தொலைபேசிகளோடும் தொலைக்காட்சியோடும் சேர்த்து 20 பல்புகளையும் தாங்கத் தடுமாறும். ரவுட்டரை மாற்றினால் எல்லாப் பல்புகளையும் ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டிய தண்டனையும் உண்டு. புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஐந்தாறு விளக்குகளுக்குள் முடித்துக்கொள்பவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது நல்ல தேர்வு. 15-ஐத் தாண்டப் போகிறீர்கள் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

## ஹப்புடன் வரும் பல்பு: ஜிக்பீ, த்ரெட்

பிலிப்ஸ் ஹியூ 2012-இல் பிரபலமாக்கிய வழி இது. பல்புகள் ஜிக்பீ என்ற குறைந்த மின்சார ரேடியோவில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ரவுட்டரோடு பேசுவது ஹப் மட்டுமே. ஒவ்வொரு பல்பும் பக்கத்துப் பல்புக்குச் செய்தியைக் கடத்துவதால் எண்ணிக்கை கூடக் கூட வலை உறுதியாகும். வைஃபையில் சுமையாவது இங்கே பலமாகிறது. இணையம் போனாலும் வீட்டுக்குள் ஹப் வழியாக வேலை நடக்கும்.

பல்பின் விலையும் வைஃபை பல்பை விடக் கூடுதலாகவே இருக்கும். அதற்கு மேல் ஹப்பின் விலை. ஒரே ஒரு விளக்குக்காக ஹப் வாங்குவது அபத்தம். 20 விளக்குகளுக்குப் பகிர்ந்து பார்த்தால் தலைக்கு வருவது சிறு தொகை.

சுவர் சுவிட்ச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது, கொஞ்சம் மோசமாகவே. நடுவிலிருக்கும் பல்பின் மின்சாரத்தை யாராவது அணைத்தால் அது கடத்திக்கொண்டிருந்த செய்தியும் அறுந்து, கோடியிலிருக்கும் பல்பு வரை பாதிக்கப்படலாம். தீர்வு, பழைய சுவிட்சின் மேலேயே ஒட்டும் கம்பியில்லா பட்டன். அறைக்கு ஒன்று என்று வாங்கத் தொடங்கினால் அதுவும் பட்டியலில் ஏறுகிறது. அவற்றின் நாணய பேட்டரிகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பெட்டி விலையைப் பார்ப்பவர்கள் தவறவிடும் மிகப் பெரிய செலவு இந்தப் பட்டன்கள்தான்.

த்ரெட் இதே குடும்பத்தின் இளையது. 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வெளியானது. வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகளும் கருவிகளும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். மேட்டர் வைஃபையிலும் த்ரெட்டிலும் இயங்கும். த்ரெட் பல்புக்கு 'பார்டர் ரவுட்டர்' என்ற வாயில் தேவை. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள் அது ஏற்கனவே இருக்கிறது. இருப்பதைப் பார்க்காமல் தனியாக இன்னொன்று வாங்கிவிடாதீர்கள்.

## ஸ்மார்ட் சுவிட்ச், அல்லது சுவிட்சுக்குப் பின்னால் ரிலே

என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. சொந்த வீட்டில், ஒரே சுவிட்சில் பல விளக்குகள் எரியும் அறைகளுக்கு இதுதான் சரியான வழி. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது, செயலியில் சொன்னாலும் எரிகிறது. வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையம் போனாலும் சுவிட்ச் சுவிட்சாகவே இருக்கும். பல்பு பழுதானால் எந்த மலிவு எல்இடியையும் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. முழு சுவிட்சையும் மாற்றும் தொடு பலகை ஒன்று. பழைய சுவிட்ச் அப்படியே இருக்க, அதன் பின்னால் பெட்டிக்குள் வைக்கும் தீப்பெட்டி அளவிலான ரிலே மற்றொன்று. பார்வைக்கு முதலாவது, பைக்கு இரண்டாவது.

செலவு ஒளிந்திருக்கும் இடம் வயரிங். இந்தக் கருவிகள் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) இரண்டும் தேவை. பல வீடுகளில் சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும் வந்து விளக்குக்குப் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். நியூட்ரல் இல்லாத பெட்டிக்குப் புதிதாக ஒன்று இழுக்க வேண்டுமானால் சுவரைக் கொத்த வேண்டி வரலாம். கொத்தி, பூசி, வர்ணம் அடித்து முடிக்கும்போது கருவியின் விலை கணக்கிலேயே தெரியாது. நியூட்ரல் தேவைப்படாத வகைகளும் உண்டு. அவை அணைந்திருக்கும்போது விளக்கு வழியாகவே துளி மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. குறைந்த வாட் எல்இடி அந்தத் துளியில் மினுக்கும், அல்லது இருட்டில் மங்கலாக ஒளிரும். விளக்கோடு இணையாக ஒரு சிறு பைபாஸ் கருவியைப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும். அதுவும் ஒரு செலவு.

அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் பெட்டிக்குள் நியூட்ரல் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது விளக்கு இருக்கும் அதே சர்க்யூட்டின் நியூட்ரல்தானா என்று எலக்ட்ரீசியன் சோதிக்க வேண்டும். வேறு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கினால் கசிவு மின்சாரத்துக்கான பாதுகாப்பு பிரேக்கர் அடிக்கடி விழும், ஆபத்தும்கூட. பெட்டியின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். ஆழமில்லாத பெட்டியில் ரிலேயைத் திணித்து மூடுவது சூட்டுக்கு அழைப்பு விடுப்பது.

ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பதை நம்பி எல்இடி விளக்குகளை வரிசையாகச் சேர்க்கக் கூடாது. எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் டிரைவர்கள், சுவிட்சைப் போட்ட கணத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுத்து ரிலேயின் தொடுமுனைகளை ஒட்டிவிடும். எல்இடிக்கான தாங்குதிறனைக் கையேட்டில் தனியாகத் தந்திருப்பார்கள். அது மிகக் குறைவாகவே இருக்கும். மங்கலாக்க வேண்டுமென்றால் டிம்மரும் டிம் ஆகக்கூடிய பல்பும் பொருந்த வேண்டும். டிம்மர் இருக்கும் சுவிட்சில் ஸ்மார்ட் பல்பை மாட்டவே கூடாது. விளக்குக்கான டிம்மரில் மின்விசிறியையும் இணைக்கக் கூடாது.

காத்திருப்பு மின்சாரத்திலும் ரிலே முந்துகிறது. 8 டவுன்லைட்டுகளுக்கு ஒரு ரிலே 1 வாட் எடுத்தால்கூட ஆண்டுக்கு 9 யூனிட்டுக்குள். 8 ஸ்மார்ட் பல்புகள் தலா அரை வாட் எடுத்தால் 35. பல டவுன்லைட்டுகளில் எல்இடி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும், கழற்றி மாற்றப் பல்பே இருக்காது. அங்கே இந்தக் கேள்வியே எழாது, சுவிட்ச்தான்.

## தனிக் கேபிள் வழி: கேஎன்எக்ஸ், டாலி

புதிதாகக் கட்டுபவர்களும் வீட்டை முழுதாகப் பிரித்துச் சீரமைப்பவர்களும் மட்டும் யோசிக்க வேண்டியது. கேஎன்எக்ஸில் மின்சார வயரோடு தனியாகக் கட்டுப்பாட்டுக் கேபிள் ஓடுகிறது. சுவிட்சும் சென்சாரும் அதில் பேசுகின்றன, விளக்கை இயக்கும் கருவிகளைப் பெரும்பாலும் மெயின் பெட்டியில் வைத்துவிடுவார்கள். டாலி விளக்குகளுக்கென்றே உருவானது. ஒரு வரிசையில் 64 முகவரிகள். இரண்டுமே பன்னாட்டுத் தரங்கள் என்பதால் ஒரு நிறுவனம் போனாலும் இன்னொன்றின் கருவியைப் பொருத்தலாம். இணையம் தேவையில்லை, ரேடியோ குறுக்கீடு இல்லை.

இந்த ஒப்பீட்டில் அதிகச் செலவு இதற்குத்தான், அதுவும் பல மடங்கு. கருவியைவிட வடிவமைப்புக்கும் நிரலாக்கத்துக்கும் ஆகும் கூலி வலிக்கும். கேஎன்எக்ஸ் நிரலாக்கம் இடிஎஸ் என்ற மென்பொருளில் நடக்கிறது. அந்தத் திட்டக் கோப்பைப் பொருத்தியவரிடமிருந்து வாங்கிக்கொள்ளாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கோப்பு இல்லையென்றால் ஒரு பட்டனின் வேலையை மாற்றுவதற்கும் அவரையே தேட வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

## ஸ்மார்ட்டே இல்லாத வழி

இதையும் வரிசையில் நிறுத்தாவிட்டால் ஒப்பீடு நியாயமாகாது. குளியலறைக்கும் படிக்கட்டுக்கும் தேவை ஆள் வந்தால் எரிந்து போனால் அணையும் விளக்கு. அதற்குச் செயலியே இல்லாத அசைவு உணரும் சென்சார் போதும். வாசலுக்குப் பொழுது சாய்ந்ததை உணரும் ஒளி சென்சார் போதும். எதையும் இணைக்க வேண்டாம், எந்தக் கணக்கிலும் உள்நுழைய வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | வைஃபை பல்பு | ஹப் பல்பு | சுவிட்ச் / ரிலே | தனிக் கேபிள் | சென்சார் மட்டும் |
|---|---|---|---|---|---|
| செலவு பெருகுவது | பல்பின் எண்ணிக்கையால் | பல்பு, ஹப், பட்டன்களால் | சுவிட்சின் எண்ணிக்கையால் | வடிவமைப்புக் கூலியால் | இடத்தின் எண்ணிக்கையால் |
| எலக்ட்ரீசியன் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | சிறப்புப் பயிற்சி பெற்றவர் | பெரும்பாலும் வேண்டும் |
| சுவர் சுவிட்சை அணைத்தால் | பல்பு செயலிழக்கும் | பல்பும் வலையும் பாதிக்கப்படும் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | தானியங்கி நின்றுவிடும் |
| இணையம் போனால் | நிறுவனத்தைப் பொறுத்தது | வீட்டுக்குள் இயங்கும் | சுவிட்ச் இயங்கும் | இயங்கும் | இயங்கும் |
| நிற மாற்றம் | உண்டு | உண்டு | இல்லை | விளக்கைப் பொறுத்தது | இல்லை |
| வீடு மாறினால் | எடுத்துப் போகலாம் | எடுத்துப் போகலாம் | கழற்றலாம், வேலை பிடிக்கும் | வீட்டோடு போகும் | கழற்றலாம் |

## நிறுவனம் கைவிட்டால்

விலைப்பட்டியலில் ஒருபோதும் வராத செலவு இது. ரிவால்வ் என்ற ஹப்பை அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் நிறுத்தியபோது, பழுதில்லாத கருவிகள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் அணைந்தன; பயனர் குழு ஒன்று அந்த நிறுவனத்தையே வாங்கி மீட்டது. அப்படி ஒரு குழு எல்லோருக்கும் வாய்க்காது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வீட்டு ரவுட்டரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் இந்த விளக்கு என் தொலைபேசிக்குக் கட்டுப்படுமா? ஜிக்பீ, மேட்டர், கேஎன்எக்ஸ் ஆகியவை வீட்டுக்குள்ளேயே இயங்கும்படி அமைந்தவை. மலிவான வைஃபை பல்புகளில் பலவற்றின் கட்டளை தொலைதூர சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது. ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறமூல மென்பொருளைச் சிறு கணினியில் ஓட்டி விளக்குகளை வீட்டுக்குள்ளேயே ஆள்வோரும் உண்டு. பொழுதுபோக்காக விரும்புபவருக்கு அது இன்பம், மற்றவருக்கு இன்னொரு வேலை.

## யாருக்கு எது?

வாடகை வீடு என்றால் பல்புதான். விளக்கு ஐந்தாறு என்றால் வைஃபை, கூடப் போகிறது என்றால் ஹப். காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் போகப் பழைய பல்புகளை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

சொந்த வீடு, போர்டில் நியூட்ரல் இருக்கிறது என்றால் பொது அறைகளுக்கு ரிலே. நிறமும் மங்கலும் வேண்டிய ஓரிரு இடங்களுக்கு மட்டும் பல்பு. இந்தக் கலவைதான் என் வீட்டிலும் இருக்கிறது. நியூட்ரல் இல்லையென்றால், அடுத்து வர்ணம் அடிக்கும் காலம் வரை பல்போடு பொறுத்திருந்து, சுவரைக் கொத்தும் வேலையை அதோடு சேர்த்துச் செய்யுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்போதைக்கு ஒரு ஸ்மார்ட் கருவியும் வாங்க வேண்டாம். எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், ஆழமான பெட்டிகளைப் பதியுங்கள், மெயின் பெட்டியிலிருந்து வரவேற்பறைக்கும் வாசலுக்கும் காலியாக ஒரு குழாய் விடுங்கள். பூச்சுக்கு முன் இதற்கு ஆவது சில மீட்டர் வயரும் குழாயும்தான். பூச்சு வேலை தொடங்குவதற்குள் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று பிறகு வரும் எலக்ட்ரீசியன் உங்களைத்தான் கேட்பார்.

மேட்டர் பல்பு வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இணைப்பதற்கான குறியீட்டை பல்பின் உடம்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். கூரையில் மாட்டுவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் விட்ட இரண்டு பல்புகளுக்காக ஏணியில் ஏற வேண்டியிருந்தது.